ஏலத்தில் கேட்ட குரல்

ஆடு வளர்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத காலத்தில்தான் நான் அந்த வாட்ஸப் குழுவில் சேர்ந்தேன். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்களுடையது நெசவுக்கார வீடு. அண்ணன் கீழ்வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் வீட்டில் நாங்கள் கன்னடத்தில் பேசிக்கொள்வோம். ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் பார்த்தவர்கள்கூட எங்கள் பரம்பரையில் இருந்திருக்க மாட்டார்கள்.

திருச்சுழி போகிற வழியில் கொஞ்சம் கரிசல் நிலம் வாங்கியிருந்தேன். மழையை நம்பி எதையெதையோ விதைத்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தபோது, மில்லில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் அந்த மண்ணுக்கு ஆடுதான் தோது என்றார். அவர்தான் முதன்முதலாகக் கன்னி ஆட்டைக் காட்டினார். உயரமான, கறுத்த ஆடு. கண்ணுக்கு மேலிருந்து வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் இழுத்த மாதிரி வெள்ளைக்கோடு. வெயிலில் அது கழுத்தை நிமிர்த்தி நடந்துவருவதைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. நான்கு பெட்டை ஆடுகளோடு ஆரம்பித்தேன். காலையிலும் மாலையிலும் நான் பைக்கில் போய் வருவேன். பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் காட்டுக்காரர் இருந்தார்.

நல்ல சாதிக் கன்னி ஆடு சந்தையில் அமைவது கஷ்டம். வளர்ப்பவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் ஏலம் நடக்கும். விற்கிறவர் ஆட்டை நடக்கவிட்டு, பல்லைக் காட்டி வீடியோ போடுவார். ஆரம்ப விலை சொல்லப்படும். அதன்பிறகு ஐநூறு ஐநூறாக ஏற்றிக் கேட்க வேண்டும். ஏலத்தில் சொல்லும் தொகைக்கு எங்கள் பக்கம் 'கேள்வி' என்றுதான் பெயர். சிலர் எண்ணைத் தட்டி அனுப்புவார்கள். தட்டத் தெரியாதவர்கள் குரலில் பதிந்து அனுப்புவார்கள். அதனால் ஏலம் நடக்கும்போது போனுக்குள்ளே ஒரு சந்தையே கூடியிருப்பதுபோல இருக்கும். ஒருவர் குரலுக்குப் பின்னால் கோழி கொக்கரிக்கும், இன்னொருவர் குரலுக்குப் பின்னால் பஸ்ஸின் ஹாரன் அடிக்கும்.

இதையெல்லாம் நடத்தியது ஒரு பெண். பரளச்சிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் மானாவாரி விவசாயம் பார்க்கும் குடும்பம். கணவர் வளைகுடா நாட்டில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மாமனார், மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், முப்பதுக்கு மேல் ஆடுகள், எல்லாம் அவர் பொறுப்பில். நான் குழுவில் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் அவரை நேரில் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம். அதிர்ந்து பேசாத குரல். ஆனால் அந்தக் குரல் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அவர் கொண்டுவந்த முறைகளை முதலில் நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் போட்டால் அது கேள்வி ஆகாது. கேட்டுவிட்டு, யோசித்து, அந்த மெசேஜை அழித்தாலும் கேள்வி கேள்விதான். ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்டைக் குறை சொல்லக் கூடாது. குறை தெரிந்தால் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நடுவில் விற்கிறவருக்குத் தனியாகப் போன் போட்டு, 'இந்த விலைக்கு முடிச்சுக்குவோமா' என்று பேசினால் இரண்டு பேருமே குழுவிலிருந்து வெளியே போக வேண்டியதுதான்.

என்னை மாற்றியது நேரத்தைப் பற்றி அவர் எடுத்த முடிவு. முதலில் ஏலம் எட்டு மணிக்கு முடியும் என்றால் எட்டு மணிக்கு முடிந்துவிடும். ஒரு வாரம் ஒரு நல்ல பெட்டை ஆடு ஏலத்துக்கு வந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊரில் இருக்கும் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. கண்மாய்க் கரைமேல் ஏறி நின்றுதான் கேட்டாராம். கடைசியாக அவர் அனுப்பிய கேள்வி போனைவிட்டுக் கிளம்பாமல் சுற்றிக்கொண்டே இருந்து, எட்டு மணிக்குப் பிறகு வந்து விழுந்தது. மதுரையில் வீட்டிலேயே நல்ல இணைய வசதி வைத்திருந்த ஒருவர் கடைசி நொடியில் கேட்டு ஆட்டை எடுத்துவிட்டார். கண்மாய்க்கரை மனிதர் சண்டை போடவில்லை. போனது போகட்டும் என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார்.

அந்தப் பெண் விடவில்லை. அடுத்த வாரம் ஏலம் தொடங்கும் முன் ஒரு குரல் பதிவு போட்டார். இனிமேல் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் கேள்வி வந்தால் ஏலம் இன்னொரு ஐந்து நிமிடம் நீளும். அதற்குள் மறுபடி கேள்வி வந்தால் மறுபடி நீளும் என்றார். டவுன்காரர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். இப்படிப் போனால் ஏலம் எப்போதுதான் முடியும் என்று ஒருவர் கேட்டார். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் பல தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன்.

"சீக்கிரம் முடியணும்னா ஏலம் விடுறோம்? கேக்க நெனைக்கிறவுக எல்லாரும் கேட்டு முடிக்கணும்னுதானே விடுறோம். கரைமேல நிக்கிறவுகளும் கேக்கட்டும்."

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெட்டை ஆடுகளுக்கு ஒரு பொலிகிடா தேவைப்பட்டது. அதாவது இனவிருத்திக்கு நிறுத்தும் ஆண் ஆடு. அந்தச் சமயத்தில் அவருடைய சொந்தக் கிடாக்குட்டி ஒன்று ஏலத்துக்கு வந்தது. அவர் பட்டியில் பிறந்ததிலேயே அழகானது அதுதான் என்று குழுவில் பேச்சு. வீடியோவில் அது நடந்துவரும்போது முன்னங்கால் இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தன. அதைவிட என்னைக் கவர்ந்தது வீடியோவின் கடைசிப் பகுதி. அதன் இடது காதைப் பிடித்துக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நுனி பிய்ந்திருப்பதைக் காட்டினார். குட்டியாக இருக்கும்போது நாய் கடித்தது, ஆறிவிட்டது, ஆனால் காது கடைசிவரை இப்படித்தான் இருக்கும் என்றார். காட்டாமல் இருந்திருந்தால் கறுப்பு உடம்பில் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது.

தன் ஆடு ஏலத்துக்கு வரும்போது அவர் ஏலம் விட மாட்டார். அதுவும் அவர் வைத்துக்கொண்ட முறைதான். அன்றைக்கு வீரசோழன் என்கிற ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஏலம் விடுவார். குழுவில் எல்லோருக்கும் அவர் பாய்தான். எல்லோரும் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். அவர் ஏலம் விடும் நேரத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேச மாட்டார். விற்கிற ஆள் வாய் திறந்தால் கேட்கிறவர்களுக்குக் கூச்சம் வரும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். இருபதாயிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டியிருந்தேன். ஆரம்பத்தில் ஐந்தாறு பேர் கேட்டார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, நானும் கமுதிப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒருவரும் மிஞ்சினோம். அவர் எண்ணை மட்டும்தான் அனுப்புவார். வணக்கம்கூட எழுத மாட்டார். அவர் பதினேழரைக்குக் கேட்டார், நான் பதினெட்டாயிரம் கேட்டேன். அவரிடமிருந்து சத்தமில்லை. கிடா எனக்குத்தான் என்று நினைத்து எழுந்திருக்கப் போனேன்.

அப்போதுதான் குழுவின் லிங்க் வழியாக ஒரு புது நம்பர் உள்ளே வந்தது. வெளிநாட்டு நம்பர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் வெளிநாட்டிலிருந்து குழுவில் இருப்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பதினெட்டரை என்று குரலில் கேட்டார் அந்த மனிதர். நான் ஏற்றினேன். அவர் உடனே ஏற்றினார். நான் யோசித்து ஏற்றினால் அவர் யோசிக்காமல் ஏற்றினார். இருபதைத் தாண்டினேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். துணி எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள். அந்த நேரத்தில் எனக்குக் கிடா மறந்துபோய்விட்டது. முகம் தெரியாத அந்த ஆளிடம் தோற்கக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. இருபத்து மூன்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து இன்னொரு குரல் பதிவு வந்தது. இருபத்து மூன்றரை.

பாய் ஆரம்பித்தார். "ஒரு தரம்."

அடுத்து வந்தது அந்தப் பெண்ணின் குரல். பாயைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். தன் ஆட்டின் ஏலத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. திரையில் அவர் மறுபடி பதிந்துகொண்டிருப்பது தெரிந்தது. நிற்கும், மறுபடி பதியும். கடைசியில் வந்தது.

"புதுசா கேக்குறவுக வாய்ஸுக்குப் பின்னாடி ஒரு ஆளு பேசுறது கேக்குது. அது எங்க வீட்டுக்காரவுக குரல். கேக்குறவுக அவுக கூட ரூம்ல இருக்கவுகளா இருக்கும். எங்க ஆட்டுக்கு எங்க வீட்டு ஆளே விலை ஏத்துனா அது ஏலம் இல்ல. அந்த நம்பர்ல கேட்டது எதுவுமே செல்லாது. எல்லாரும் மன்னிச்சுக்கிருங்க."

நான் அந்தப் புது ஆளின் கடைசிப் பதிவைத் திரும்பப் போட்டு, காதோடு வைத்துக் கேட்டேன். ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். அதற்கு நடுவே, தூரத்திலிருந்து, மெல்லிசாக ஒரு குரல்: 'இன்னொரு ஐநூறு ஏத்துலே.' அவ்வளவுதான். தெரிந்த பிறகு கேட்டால்தான் அது பேச்சு என்றே புரிகிறது. குழுவில் இருந்த யாருக்கும் அந்த மனிதரின் குரல் பழக்கமில்லை. உலகத்தில் அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள், அந்த விலை யாருக்குப் போய்ச் சேருமோ அவரே. கேட்காத மாதிரி இருந்திருந்தால் இன்றைக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

புது நம்பர் குழுவைவிட்டு வெளியேறியது. பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இப்போது என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டார். கடைசி நல்ல கேள்வி இருபத்து மூன்று, மில்லுக்காரர் கேட்டது, அதோடு முடித்துவிடலாம் என்று இரண்டு பேர் எழுதினார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கேட்டவன் நான், யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதற்குச் சம்மதம் என்று பதிந்து அனுப்பினேன். கொஞ்சம் பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. நேரடியாக நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, நீங்க நல்ல மனசுல சொல்றீக. ஆனா அது வேணாம். நீங்க பதினெட்டு கேட்டது கிடாயப் பாத்து. அதுக்கு மேல கேட்டதெல்லாம் எதுர்ல ஒரு ஆளு இருக்காருன்னு நெனச்சு. அப்படி ஒரு ஆளே இல்லையே. இல்லாத ஆளோட போட்டி போட்ட காச நான் எப்படிண்ணே வாங்குறது?"

நான் மாடியில் எதற்காக ஏற்றிக்கொண்டே போனேன் என்று என்னைவிட அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஏலம் பதினெட்டாயிரத்துக்கே திரும்பிப் போகும் என்று முடிவு செய்தார். அப்படியானால் பதினெட்டுக்கு எனக்கு முடித்துவிடலாமே என்று பாய் கேட்டபோது அதையும் அவர் ஏற்கவில்லை. கமுதிக்காரர் ஒதுங்கியது அந்தப் புது ஆளின் வேகத்தைப் பார்த்துத்தானா, இல்லை நிஜமாகவே போதும் என்று நினைத்தாரா, யாருக்குத் தெரியும்? அவருக்கும் சொல்லிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடையில் கூட்டமாக இருந்திருக்கும். அதனால் மறுநாள் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டிக்கு இவ்வளவு பாடா என்று யாரோ எழுதினார்கள்.

கீழே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிடாயைப் பற்றியோ விலையைப் பற்றியோ கேட்கவில்லை. அந்தப் பெண் இன்றைக்குப் புருஷனோடு என்ன பேசுவாள் என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால் அவர் பெயரைக் கெடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்றாள். தானாக இருந்தால் அந்தச் சத்தம் காதில் விழாத மாதிரி இருந்திருப்பேன், அப்புறம் போனில் பிடித்துத் திட்டியிருப்பேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே, ஆனால் அவள் செய்ததுதான் சரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் மில் கேண்டீனில் இருந்தபோது கமுதி டீக்கடைக்காரர் கூப்பிட்டார். எண்ணை மட்டுமே அனுப்பும் மனிதருக்கு இவ்வளவு கனிவான குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முதலில் குசலம் விசாரித்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். களத்தில் இருப்பது நாம் இரண்டு பேர்தான், நமக்குள் எதற்கு வீணாக மோத வேண்டும் என்றார். பதினெட்டரைக்குத் தனக்கு விட்டுக்கொடுத்தால், அடுத்து வரும் நல்ல கிடாவுக்குத் தான் வாய் திறக்காமல் எனக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்ன பேச்சு இல்லை அது. இரண்டு பேர் மனஸ்தாபம் இல்லாமல் நடந்துகொள்ள ஒரு வழி என்றுதான் அவர் நினைத்தார். ஊரில் பலரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நேற்று அந்தப் பெண் பேசியதைக் கேட்டிருக்காவிட்டால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது வாய் வரவில்லை. நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அரைகுறையாகத் தெரியும் என்றார். ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கேட்ட குரல், அந்தப் பெண் நிறுத்தச் சொன்னது, எனக்குப் போன் செய்து சொன்னது, கமுதிக்காரருக்குச் சொல்லாமல் ஆரம்பிக்க மாட்டேன் என்று இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"நமக்காக அவுக சொந்த வீட்டுக்காரரையே வெளிய நிறுத்திட்டாக. நம்ம ரெண்டு பேரும் உள்ள பேசி வெலைய அமுக்குனா, அவரு செஞ்சதுக்கும் நம்ம செய்யிறதுக்கும் என்ன வித்தியாசம்ணே?" என்றேன்.

அந்தப் பக்கம் கண்ணாடி கிளாஸ்கள் கழுவப்படும் சத்தம் மட்டும் கேட்டது. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு சிரித்தார். அவர் ஏத்துனாரு, நாம எறக்கப் பாத்தோம் என்றார். சரி, சாயங்காலம் நேராகவே மோதுவோம், தோற்றவருக்கு ஜெயித்தவர் டீ வாங்கித் தர வேண்டும் என்றார். டீக்கடைக்காரர் அப்படிச் சொன்னதில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் பாய் ஏலத்தைப் பதினெட்டாயிரத்தில் தொடங்கினார். செய்தி பரவியிருந்ததால் குழுவில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் கழன்றுபோன ஒருவரும் மறுபடி வந்து ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்கினார். நானும் கமுதிக்காரரும் நிதானமாகக் கேட்டோம். அவசரமில்லை. ஒருவர் கேட்டால் மற்றவர் வீடியோவை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கேட்கிற அளவுக்கு இடைவெளி இருந்தது. இருபதாயிரம் நான் கேட்டேன். அவர் இருபதரைக்குப் போனார். அதற்கு மேல் நான் போகவில்லை. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பாய் மூன்று தரமும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் இரண்டு பேருக்கும் நன்றி சொன்னார். கிடா கமுதிக்குப் போயிற்று.

கிடைக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள், கடைசி நொடியில் தட்டிப் பறித்துவிட்டார்கள் என்று தோற்றவர்களுக்கு வருகிற அந்த எரிச்சல் துளிகூட இல்லை. என்னைவிட அந்தக் கிடா அவருக்கு ஐநூறு ரூபாய் அதிகமாக வேண்டியிருந்தது. அவ்வளவுதான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அந்தப் பெண்ணின் கணவர் விஷயம் என்ன ஆயிற்று என்று குழுவில் யாரும் கேட்கவில்லை. அது கேட்கக்கூடாத விஷயம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு, ஏலம் தொடங்கும் முன், ஒரு புது நம்பரைச் சேர்த்திருப்பதாக அவர் சொன்னார். அந்த நம்பரிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. இந்த முறை பாத்திரச் சத்தம் இல்லை. எழுந்து எங்கேயோ தனியாகப் போய்ப் பேசியிருக்க வேண்டும். காற்று இரைந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் பின்னாடி நின்னு பேசுனது நாந்தேன். கெணத்து மோட்டார் காயில் போயிருச்சுன்னு வீட்ல சொன்னாக. நல்ல குட்டி, கொறஞ்ச வெலைக்குப் போகுதேன்னு மனசு கேக்கல. இங்க இருந்துக்கிட்டு வேற என்ன செய்யன்னு தெரியல, கூட இருக்கவன கேக்கச் சொன்னேன். தப்புதான். எங்க வீட்ல செஞ்சதுதான் சரி. இனிமே நான் கேக்க மாட்டேன், பாத்துக்கிட்டு மட்டும் இருந்துக்கிறேன்."

பாய்தான் முதலில் பேசினார். மாப்பிள்ளை குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இனிமேல் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து பேசட்டும் என்றார். குழு முழுக்கச் சிரிப்புப் படங்களாக வந்து விழுந்தன. கமுதி டீக்கடைக்காரர் முதல் தடவையாக எண்ணை விட்டு எழுத்துக்கு வந்தார். கிடா நல்லா மேயுது, கவலப்படாதீக என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆட்டை ஏலத்துக்கு விடுகிறவர், தன் வீட்டு ஆட்கள் யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார். எங்கள் மச்சான் இருக்கிறார், அவர் கேட்க மாட்டார் என்பார். அண்ணனும் தம்பியுமாக இருந்து, உண்மையிலேயே தம்பிக்கு ஆடு வேண்டும் என்றால், ஏலத்துக்கு விடாமல் வீட்டுக்குள்ளேயே கொடுத்துக்கொள்வார்கள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. வெட்கப்பட்டு வந்த பழக்கமும் இல்லை. அவர் ஒருவர் செய்துகாட்டியதைப் பார்த்த பிறகு வேறு மாதிரி நடந்துகொள்ள முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அவருடைய இரண்டு மறிக்குட்டிகள், அதாவது பெட்டைக் குட்டிகள், ஏலத்தில் எனக்கு அமைந்தன. எடுத்துவர நானும் மனைவியும் ஒரு லோடு ஆட்டோவில் போனோம். பரளச்சி தாண்டி, இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளத்தட்டையும் கருவேலமுமாக இருந்த பாதையில் போய், வேப்பமரம் நிற்கிற அவர் வீட்டு வாசலில் இறங்கினோம். நான் உயரமான ஒரு ஆளை மனதில் வைத்திருந்தேன். அவர் சிறிய உருவம். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தீவனம் வெட்டிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வாய்க்காலில் அகத்திச் செடிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மோர் கொடுத்தார். குட்டிகளைப் பிடித்துக்கொண்டுவரச் சொல்லி மாமனாரிடம் சொன்னார். நான் ஆட்டைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்க வேண்டியிருந்தது வேறு, அதைக் கேட்கத் தயக்கமாக இருந்தது. என் மனைவிக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. அன்றைக்கு எப்படி உங்களுக்குத் துணிச்சல் வந்தது என்று நேராகக் கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார். துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை என்றார். பிறகு எங்களைப் பார்க்காமல், வாய்க்கால் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அதுக்கு முந்தி ரெண்டு நாளா அவுக போனே வரலக்கா. வண்டி எங்கயாவது பாலைவனத்துல நிக்குதோ என்னமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். அந்த வாய்ஸுல அவுக குரலு கேட்டதும் முதல்ல சந்தோசந்தான் வந்துச்சு. நல்லா இருக்காகன்னு. ரெண்டு மூணு தடவ போட்டுக் கேட்டேன். அதுக்குப் பெறகுதான் என்ன சொல்றாகன்னே காதுல விழுந்துச்சு."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டை வந்ததா என்று கேட்டாள். நாலைந்து நாள் அவர் தன்னோடு பேசவில்லை, பிள்ளைகளிடம் மட்டும் பேசினார் என்றார். பிறகு ஒரு நாள் அவராகவே கேட்டாராம், கிடா கடைசியில் எவ்வளவுக்குப் போனது, எடுத்தவர் நல்ல ஆளா என்று. நல்ல ஆள்தான் என்று இவர் சொன்னாராம். அப்படியென்றால் சரி என்றாராம். மோட்டாருக்குக் குறைந்த பணத்தை அடுத்த சம்பளத்தில் அனுப்பிவிட்டார்.

குட்டிகளை ஏற்றினோம். ஒன்று கத்திக்கொண்டே இருந்தது, இன்னொன்று வைக்கோலைக் கடித்துப் பார்த்தது. புது இடத்தில் இரண்டு நாள் சரியாகத் தின்னாது, கவலைப்பட வேண்டாம், கொஞ்சம் வேப்பங்குழை கட்டிவிடுங்கள் என்றார் அவர். என் மனைவி அவருடைய நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியபோது வாசலில் நின்று, வீடு சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். பாதை திரும்பும் வரைக்கும் மனைவி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, கன்னடத்தில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழுவில் தன்னையும் சேர்த்துவிடச் சொன்னாள்.